குதிகால் வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா நம்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன்ல இருந்து எழுதறேன். எம் பையனுக்கு 11 வயசு, ஃபுட்பால் பைத்தியம். போன ஜூன்ல ஸ்கூல் தொறந்த ரெண்டாவது வாரமே குதிகால் வலிக்குதும்மான்னு ஆரம்பிச்சான், பஸ் ஸ்டாப்ல இருந்து மேல ஏறி வரும்போது நுனிக்கால்லயே நொண்டிட்டு வருவான், நான் மட்டம் போடறதுக்கு சாக்கு சொல்றான்னு திட்டிட்டேன். எங்க அத்தை சுளுக்குன்னு நீலகிரி தைலத்தப் போட்டு அழுத்தி உருவிவிட்டாங்க பாருங்க, அவன் கத்தினது லைன் பூரா கேட்டுச்சு.

குன்னூர்ல டாக்டர் எக்ஸ்ரே கூட எடுக்கல. குதிகாலை ரெண்டு பக்கமும் சேத்து லேசா அமுக்கினாரு, துள்ளிட்டான். செவர்ஸ் டிசீஸாம். டிசீஸ்னதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, அப்புறம் பாத்தா 1912ல செவர்னு ஒரு அமெரிக்க டாக்டர் இதப்பத்தி எழுதினதால அந்தப் பேராம், பயப்பட ஒண்ணும் இல்ல. 8ல இருந்து 14 வயசுக்குள்ள குதிகால் எலும்புல பின்பக்கம் வளர்ற இடம் இன்னும் குருத்தா இருக்கும், எலும்பு சட்டுனு வளரும், கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு நீளாது, ஓடி குதிக்கிறப்ப அந்தக் குருத்தப் புடிச்சு இழுக்கும். மேடு ஏறினா இன்னும் இழுக்கும், நம்ம ஊர்ல மேடு இல்லாத இடம் எங்க இருக்கு?

கொஞ்ச வாரம் ஓட்டம், குதி எல்லாத்தையும் கொறைக்கச் சொன்னாரு. ஐஸ்கட்டியை ஒரு துணியில சுத்தி குதிகால்ல 15 நிமிசம் (இந்தக் குளுர்ல ஐஸான்னு பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சாங்க), ஷூவுக்குள்ள குதிகாலுக்கு மெத்துனு ஒரு பேட், செவுத்தப் புடிச்சு நின்னு கெண்டைக்காலை நீட்டற பயிற்சி, அவ்ளோதான். சரியாயிடுச்சு. ஜனவரில திரும்ப ஒரு வாரம் வந்துச்சு, வளர்ச்சி முடியற வரைக்கும் வந்து வந்து போகுமாம்.

ராத்திரி கெண்டைக்கால் ரெண்டும் வலிச்சு காலைல ஓடியாடுற பிள்ளைங்க கதை வேற, அதுக்கு உருவிவிடலாம். ஆனா காய்ச்சல், வீக்கம், செவப்பு இருந்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதும் ஒரே கால்ல வலிச்சாலோ உடனே டாக்டர்ட்ட போங்க.

ஷூ விசயத்துல தப்பு எம்மேலயும் இருக்கு. வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்கி பஞ்சு திணிச்சு விட்டேன், குதிகால் உள்ள லொடலொடன்னு ஆடுச்சு. பெருவிரலுக்கு முன்னால கட்டைவிரல் அகலம் எடம் இருந்தா போதுமாம்.

பி.டி. சாருங்களுக்கு ஒரு வேண்டுகோள், வலிக்குதுன்னு ஒக்காந்த பிள்ளைய லெட்டர் எங்கன்னு கேட்டு ஓட விடாதீங்க. மலைப்பகுதி அரசு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பூட்ஸ் குடுக்கறது ரொம்ப நல்ல விசயம், காலை அளந்து கொஞ்ச நாள்லயே கைக்கு வந்துட்டா இன்னும் நல்லாருக்கும், ஏன்னா நாலு மாசத்துல அந்தக் கால் வேற கால்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
கோத்தகிரி