பெரிய வெள்ளியும் எங்கள் மாரியம்மனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் தென்னாப்பிரிக்கக் கோயில்களைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆசையோடு எடுத்துப் படித்தேன். எங்கள் ஊர் அம்மன் படம் உங்கள் பத்திரிகையில் வருவது லேசில் நடக்கிற காரியமா? ஆனால் நடுவில் ஒரு வரி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. இங்குள்ள தமிழர்கள் திதி, நட்சத்திரம் எல்லாம் மறந்துபோய், வெள்ளைக்காரர்களின் பண்டிகையான பெரிய வெள்ளியன்று (குட் ஃபிரைடே) மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்களாம். கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல்தான் ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் டர்பனில் இறக்கியது. 1911 வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. கரும்புத் தோட்டத்தில் பங்குனி உத்திரம் என்று சொல்லி யார் லீவு கொடுத்தார்கள்? ஆலையை மூடுகிற நாள் பெரிய வெள்ளி. அன்றைக்குக் கரகம் எடுக்கலாம், தீ மிதிக்கலாம், கூலியில் பிடித்தம் இருக்காது. உடம்பு முறிய உழைத்தவர்கள், கிடைத்த அந்த ஓய்வு நாளைப் படுத்துக் கழிக்காமல் அம்மனுக்குக் கொடுத்தார்கள். அவர்களையா மறந்தவர்கள் என்பது? இன்றும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் அதே நாளில் பூக்குழி இறங்குகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதற்கு முந்தின வெள்ளிதான் பெரிய வெள்ளி. பல வருஷங்களில் அது பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும். கட்டுரை எழுதியவர் நாலு வருஷக் காலண்டரைப் புரட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும். சரி, இத்தனை சொல்கிறவர்கள், ஜனவரி 1 நள்ளிரவில் தமிழ்நாட்டுக் கோயில்களில் நடை திறந்து சிறப்பு தரிசனம் வைக்கிறார்களே, அது எந்தத் திதியில் வருகிறது? அங்கே லீவு நாளில் சாமி கும்பிட்டால் பக்தி, இங்கே கும்பிட்டால் மறதியா?

திதியைப் பற்றியே பேசுவோம். எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் அமாவாசை, பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை எல்லாம் எழுதிப் போடுவது நான்தான். உங்கள் பத்திரிகையின் பஞ்சாங்கப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திதியின் நேரத்திலிருந்தும் மூன்றரை மணியைக் கழிப்பேன், டர்பன் கடிகாரம் இந்திய நேரத்துக்கு அவ்வளவு பின்னால். உங்களுக்குச் சனிக்கிழமை விடிகாலை 2 மணிக்குப் பிறக்கிற அமாவாசை எங்களுக்கு வெள்ளி இரவு பத்தரைக்கே பிறந்துவிடும். விரதம் எந்த நாள் என்பது இதில்தான் மாறிப்போகிறது. ராகு காலத்துக்கு இந்தக் கழித்தல் உதவாது. டர்பனில் சூரியன் உதிக்கிற நேரத்தையும் அடைகிற நேரத்தையும் பார்த்துப் பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். சுண்ணக்கட்டியால் எழுதி அழித்து எழுதிக் கை வெளுத்துப்போகும். பிழையாகப் போட்டால் பாட்டிமார் விடமாட்டார்கள், கோயில் வாசலிலேயே பிடித்துக் கேட்பார்கள். திதி மறந்த ஊரில் நடக்கிற காரியமா இது?

ஆடி மாதம் எங்களுக்குக் குளிர்காலம். விடிகாலையில் கை விறைக்கும். அந்த நேரத்தில் பெண்கள் பெரிய அண்டா வைத்து அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவார்கள். கேழ்வரகு கிடைக்காத காலத்தில் எங்கள் பாட்டிமார் மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்தார்கள். நாங்களும் அதையே செய்கிறோம். வேம்புக்குப் பதிலாக சிரிங்கா மரத்து இலையைக் கட்டினார்கள். எங்கள் வீட்டில் அம்மை வார்த்தபோது அம்மா அந்த இலையைத்தான் மஞ்சள் தண்ணீரில் போட்டுத் தலைக்கு ஊற்றினாள். கட்டுரையில் இதற்கும் ஒரு கேலி இருக்கிறது. அவரவருக்குக் கிடைத்ததைக் கொண்டு அவரவர் கும்பிட்டால் அம்மன் வேண்டாமென்றா சொல்லிவிட்டாள்?

கோயில்கள் எல்லாம் சிமெண்டும் பெயிண்டுமாக இருக்கின்றன, பழமை இல்லை என்று வேறு எழுதியிருக்கிறார். உம்பிலோ ஆற்றங்கரையில் எங்கள் முன்னோர் கட்டிய கோயிலை 1905ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து மீட்ட மரக்கதவுகள் இன்று பெல்லேர் சாலையில் இருக்கும் அம்பலவாணர் ஆலயத்தில் இருக்கின்றன. அவர் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார், கதவைப் பார்க்கவில்லை! நிறவெறியை எதிர்த்து இந்தியா 1946இல் எங்கள் நாட்டோடு வாணிபத்தை நிறுத்தியது. அது நியாயமான காரியம், நாங்களும் ஆதரித்தோம். ஆனால் தூதரக உறவு 1993இல்தான் திரும்பியது. அதுவரை ஸ்தபதியோ குருக்களோ அங்கிருந்து வருவது சாமானியமாக இருக்கவில்லை. இங்கேயே இருந்த கொத்தனார்கள்தான் கோபுரம் எழுப்பினார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழு வாழிடச் சட்டத்தைக் காட்டி, டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து எங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது, லாரியில் கட்டில் பெட்டியெல்லாம் எப்படியோ கிடக்க, அம்மா காமாட்சி விளக்கை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை.

தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள் என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவில் கோயில் மண்டபத்தில் வந்து உட்கார்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கைவருவதற்குள் பாட்டு தொண்டையில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

இந்தக் கேலி எனக்குப் புதிதும் இல்லை. சில வருஷத்துக்கு முன் பேத்தியை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு யாத்திரை வந்தேன். ஒரு பெரிய கோயிலில், பெயர் சொல்ல விரும்பவில்லை, உள்பிராகார வாசலில் அவளை நிறுத்திவிட்டார்கள். பாவாடை தாவணி கட்டியிருந்தாள், நெற்றியில் திருநீறு. பேச்சு மட்டும் ஆங்கிலம். இந்து என்று எப்படி நம்புவது என்றார் வாசலில் நின்றவர். பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவள் அங்கேயே நின்று ஒரு பதிகத்தை முழுதாகப் பாடினாள், ஆங்கில எழுத்தில் படித்ததுதான். கேட்டு முடித்துவிட்டு, "ஏதாவது கொடுத்துட்டு உள்ள போங்கம்மா" என்றார். உங்கள் கட்டுரையாளரை இங்கே எந்தக் கோயிலிலும் யாரும் அப்படி நிறுத்தியிருக்க மாட்டார்கள். வாழையிலை போட்டுச் சாப்பாடும் போட்டிருப்பார்கள்.

எங்களைப் பற்றி எழுதினால் காந்தி, தில்லையாடி வள்ளியம்மை, அதோடு முடிந்தது. வள்ளியம்மை ஜோகனஸ்பர்கில் பிறந்தவள், எங்கள் பெண். அவளுக்குச் சிலை வைக்கிறீர்கள், அவள் இனத்தார் சாமி கும்பிடுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய வெள்ளித் திருவிழாவின் காரணத்தை அடுத்த இதழில் நாலு வரியில் போடுங்கள். இசிப்பிங்கோ கோயில் படத்தின் கீழ் மொரிஷியஸ் என்று அச்சாகியிருப்பதையும் திருத்திவிடுங்கள். முடிந்தால் பஞ்சாங்கப் பக்கத்தின் ஓரத்தில், சென்னை நேரத்துக்குப் பக்கத்திலேயே டர்பன் நேரத்தையும் கொடுங்கள். இடம் போதாது என்றால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் கொடுத்தால்கூடப் போதும், மற்றதை நான் கழித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்