ஆணி அடிக்காமல் ஒரு வீடு

அன்பு மகளுக்கு,

சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். நீ கோலாலம்பூர் செந்தூல் வீட்டை வீடியோவில் காட்டியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். குடிபோய் இத்தனை நாளாகியும் பெட்டிகள் கட்டியபடியே கிடக்கின்றன, துணியெல்லாம் நாற்காலி மேல். கேட்டால், “வாடகை வீடுதானேம்மா, எப்படியும் காலி பண்ணப் போறோம்” என்கிறாய். காலி பண்ணும் வரைக்கும் நீ அங்கேதானே சமைக்க வேண்டும், தூங்க வேண்டும், காலையில் சட்டையைத் தேடாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓட வேண்டும்?

பாட்டி ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீட்டில், இருந்தவர். சுவர், கூரை எல்லாம் தோட்டத்துடையது. வேலை நின்றால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். அது தெரிந்தும் அந்த வீட்டை அவர் வைத்திருந்த நேர்த்தியை நீ பார்த்ததில்லை. தகரப் பெட்டியை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்திருப்பார். கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும், துடைப்பமும் அடியில் போய் வரும். கடையில் காலியான சதுர பிஸ்கட் டின்களைக் கேட்டு வாங்கி, அரிசிக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, தீபாவளி முறுக்குக்கு ஒன்று என்று சுவரோரம் அடுக்கியிருப்பார். மூலையில் ஒரு கொடி, அதில் மடித்துப் போட்ட சேலைகள். தோட்டத்தை விட்டு வெளியேறிய அன்று மொத்தச் சாமானும் ஒரே நடையில் லாரியில் ஏறிவிட்டது. உனக்கும் அப்படித்தான் அமைய வேண்டும் என்று நினைக்கிறேன்: இருக்கும்வரை எல்லாம் அதனதன் இடத்தில், கிளம்பும்போது எல்லாம் உன் கையோடு.

முதலில், சுவரில் துளை போடாதே. இரண்டு மாத வாடகையும், கரண்டு தண்ணீருக்கு அரை மாதமும் டிப்பாசிட் கட்டியிருக்கிறாய். போகும்போது ஒவ்வொரு துளைக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. வீடு இப்போது இருக்கும் நிலையை, பழைய கீறல், கறை உட்பட, தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வை.

அட்டைப் பெட்டிகளை இந்த வாரமே தூக்கிப் போடு. நம் ஊர் ஈரத்துக்கு அட்டை நமத்துப்போகும், கரப்பான் அதன் மடிப்புக்குள் முட்டை வைக்கும். அதற்குப் பதிலாகக் கட்டிலுக்கு அடியில் போகிற மாதிரி, சக்கரம் வைத்த, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கு. தெரியாத பெட்டியில் போட்ட சாமானைத் தேட மாட்டாய், புதிதாய் வாங்குவாய். பட்டுச் சேலையை மட்டும் அதில் அடைக்காதே. பழைய வேட்டியில் சுற்றி அலமாரியில் வை, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று, இல்லையென்றால் சரிகை மடிப்போடு விட்டுவிடும்.

ஒட்டுக் கொக்கிகள் நல்லவைதான், ஆனால் அவசரப்படுகிறவர்களுக்குக் கீழே விழும். இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு அழுத்தி ஒட்டி, குறைந்தது ஒரு மணி நேரம் வெறுமனே விடு. எத்தனை கிலோ தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், அதற்கு மேல் மாட்டாதே. கழற்றும்போது வெளிப்பக்கம் பிடுங்கினால் சாயமும் சேர்ந்து வரும். அடியில் இருக்கும் ஒட்டுப்பட்டையின் வாலைச் சுவரோடு ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி மெதுவாக இழு. உரியும் சாயத்தில் ஒட்டவே ஒட்டாதே. டைல்ஸில் நன்றாக நிற்கும்.

கண்ணாடி போட்ட சாமி படத்தை இந்தக் கொக்கியை நம்பி மாட்ட வேண்டாம். ஒரு சின்ன அலமாரித் தட்டின் மேல் சுவரில் சாய்த்து வை. விளக்குக்கு அடியில் ஒரு துண்டு டைல் போடு, திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். எதையும் ஆணி அடிக்காமலே சாமிக்கு இடம் கொடுக்கலாம்.

அப்புறம் அலமாரி. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையை வாங்காதே. தண்ணீர் பட்டால் உப்பும், இரண்டு முறை கழற்றி மாட்டினால் திருகாணி பிடிக்காது. வீடு மாறுகிறவளுக்கு அது ஆகாது. கொஞ்சம் கூடப் போனாலும் ரப்பர் மரத்தில் செய்த, மடக்குகிற தட்டு பார். 25, 30 வருஷத்தில் பால் குறைந்து சாய்க்கும் மரங்கள் பாட்டி காலத்தில் அடுப்புக்குத்தான் போயின. இப்போது ஜொகூர் மூவாரில் மருந்தேற்றி மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பாட்டி விடியற்காலையில் பால் வெட்டிய மரத்தின் இனம் உன் வீட்டில் புத்தகம் தாங்கி நிற்கட்டும், எனக்கு அது பிடிக்கும். கனமானதைக் கீழ்த்தட்டில் வை, உயரமான தட்டு முன்னால் சாய்ந்துவிடக் கூடாது.

அடுப்படியில் ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. சக்கரம் வைத்த ஒடுங்கிய மூன்றடுக்கு அங்கே போகும் என்று நினைக்கிறேன். மேலே எண்ணெயும் மசாலா டப்பாவும், நடுவில் பருப்பு, அடியில் வெங்காயம் உருளை. ஐஸ்பெட்டிக்குக் காற்றுப் போக இடம் விட்டு வை.

கட்டிலுக்கு அடியில் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அந்தச் சந்தின் அகலம் எவ்வளவு, இரண்டையும் அளந்து இன்றிரவே அனுப்பு. அப்பா சனிக்கிழமை ஈப்போ போகிறார், பெட்டிகளை அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம் ரயிலேறி உன்னிடம் கொண்டு வந்து தருவார். அதற்குள் துணியை நாற்காலியிலிருந்து எடுத்துவிடு, அவர் வந்தால் உட்கார இடம் வேண்டும்.

அன்புடன்,
அம்மா