நங்கூரம் பிடிக்கவும் விடவும்

உ
சிவமயம்

தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். மருமகளுக்கும் பேரனுக்கும் ஆசிகள்.

பினாங்கில் ரிமாவ் தீவுப் பக்கம் பாறையில் நங்கூரம் சிக்கிக்கொண்டது, கயிற்றைப் பின்னால் இன்ஜின் ஓரத்தில் கட்டி முறுக்கி இழுத்து எடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாய். ஆத்தா பக்கத்தில் இருந்ததால் போனில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலையை இனிமேல் செய்யாதே. உன் பதினாறு அடி ஃபைபர் படகில் பின்பலகைதான் உயரம் குறைந்த இடம். இன்ஜின், பெட்ரோல் டேங்க், ஓட்டுகிற ஆள் எல்லாப் பாரமும் அங்கேதான். கீழே நங்கூரம் அசையாமல் பிடித்திருக்க, நீ முறுக்க முறுக்கக் கயிறு பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் இழுக்கும். ஓர் அலை பலகையைத் தாண்டினால் போதும். உள்ளே வந்த தண்ணீரும் பின்னுக்கே ஓடும், அடுத்த அலைக்குப் படகு இன்னும் தாழ்ந்து கொடுக்கும். நங்கூரம் போடுவதும் சரி, எடுப்பதும் சரி, அணியத்தில்தான். தொண்டிக்காரர்கள் படகின் முன்முனையை அப்படித்தான் சொல்வார்கள். காற்றாலும் அலையாலும் அடிபடுவதற்கென்றே கட்டிய பக்கம் அது.

முதலில் உன் நங்கூரத்தைப் பார்ப்போம். நீ வைத்திருக்கும் மடக்கு நங்கூரம் நம் வீட்டுக் கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியின் தம்பி. நாலு கை, எதையாவது கொக்கி போட்டுப் பிடிக்கும். பாறையில் அது போதும். ஆனால் பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உனக்கு இருப்பது சேறு. அதில் புதைந்து பிடிக்க அகலமான நகம் வேண்டும். டான்ஃபோர்த் மாதிரி இரண்டு தட்டு நகம் உள்ளது நாலைந்து கிலோவில் வாங்கு. கலப்பை மாதிரி நங்கூரமும் நல்லதுதான். 1933-ல் அதை வடிவமைத்தவர் ஜி. ஐ. டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. சின்னப் படகில் அதை வைக்க இடம் காணாது, அதுதான் குறை. கடல்புல் மேல் எதுவும் சரியாகப் பிடிக்காது, நகம் வழுக்கிக்கொண்டே போகும். புல்லும் வேரோடு வரும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 2022-ல் ஆவுளியா என்கிற கடல்பசுவுக்காகப் பாதுகாப்பகம் அறிவித்ததே அந்தப் புல் இருப்பதால்தான். புல் தெரிந்தால் தள்ளிப் போய் மணல் திட்டு பார்த்துப் போடு.

கயிறு 10 மி.மீ. முப்பிரி நைலான், 50 மீட்டர். நம் கடையில் எடை போட்டால் மூன்று கிலோவைக் கொஞ்சம் தாண்டும். விலை குறைவு என்று பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக் கயிறு வாங்காதே. அது மிதக்கும், போகிற வருகிற படகின் புரொப்பல்லரில் சுற்றும், வெயிலில் பொடிந்து போகும். நைலான் மூழ்கும், இழுத்தால் நீண்டு கொடுக்கும்; அலையின் உதறல் நங்கூரத்துக்குப் போய்ச் சேராது. கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே 8 மி.மீ. சங்கிலி ஐந்து மீட்டர் போடு, ஏழு கிலோ போல வரும். அந்தப் பாரம் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கும், பாறை உரசினாலும் கயிறு அறுபடாது. கயிற்றின் மறுமுனையைப் படகுக்குள் முடிந்து வைத்தாயா? வைக்காமல் போட்டால் நங்கூரம், கயிறு, சங்கிலி மூன்றும் கடலுக்குத்தான்.

எவ்வளவு கயிறு விட வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நங்கூரம் பாரத்தால் பிடிப்பதில்லை, படுக்கையாக இழுபடுவதால் பிடிக்கிறது. ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டு அது விறைத்து நின்றால் தரைக்கும் அதற்கும் கோணம் 19 டிகிரி, நகத்தைத் தூக்கிவிடும். ஐந்து மடங்குக்குப் பதினொன்றரை, ஏழு மடங்குக்கு 8 டிகிரி. அமைதியான பகலில் ஐந்து, காற்று வந்தால் ஏழு, அதற்கு மேல் வந்தால் பத்து. அது எந்த ஆழத்துக்கு என்று கேள். ஆழம் காட்டும் மீட்டர் 4 மீட்டர் காட்டுகிறது, அணியம் தண்ணீருக்கு மேலே 1 மீட்டர் இருக்கிறது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி பினாங்கில் கடல் ஏற்றம் 2 மீட்டர் வரை வரும். ஆக 7. ஐந்து மடங்கு 35. மீட்டரில் கண்ட 4-ஐ மட்டும் நம்பி 20 விட்டாயானால், தண்ணீர் ஏறியதும் அது மூன்று மடங்குகூட இல்லை. தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கையில் யாருக்கும் தெரியாமல் படகு நகர ஆரம்பிக்கும். தொண்டிப் பக்கம் ஏற்றவற்றம் குறைவு, அங்கே கேட்டுக்கொண்ட அளவு உனக்கு உதவாது.

போடும்போது காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்த்து நின்று, படகு முழுக்க நின்றபின் இறக்கு. எறியாதே. எறிந்தால் சங்கிலி நகத்தில் சுற்றிக்கொள்ளும். தரை தட்டியதும் படகு தானாகப் பின்வாங்க, கயிறு விட்டுக்கொண்டே போ. காலடியில் கயிற்றுச் சுருள் இருக்கக்கூடாது, கையிலும் சுற்றாதே. வேண்டிய அளவு விட்டதும் முன்கட்டையில் கட்டி, ரிவர்ஸில் மெதுவாக இழுத்துப் பார். கயிற்றின் மேல் உள்ளங்கையை வை. நகம் தரையில் வழுக்கினால் மாட்டு வண்டி சரளையில் போகிற மாதிரி கடகடவென்று கையில் தெரியும். பிடித்துவிட்டால் ஒரே விறைப்புத்தான். பிறகு கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம், ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் என்று வைத்துக்கொள். இரண்டும் நேர்கோட்டிலிருந்து விலகி, திரும்பி வராமலே போனால் படகு நகர்கிறது. சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், நங்கூரப் படத்தைக் குறுக்கே அடித்திருக்கிற இடத்தில் போடாதே. தீவுக்குக் குழாயும் கேபிளும் கடலுக்கு அடியில்தான் போகின்றன.

இனிச் சிக்கியதை எடுப்பது. கிணற்றில் பாதாளக் கரண்டி கல்லிடுக்கில் மாட்டினால் ஆத்தா அதே இடத்தில் நின்று இழுக்கமாட்டாள். சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்று இழுப்பாள். நீ மறந்தது அதைத்தான். போன வழியே திரும்பி வந்தால் நகம் வெளியே வரும். பலம் எல்லாம் அப்புறம்.

சேற்றில் சிக்கியது என்றால் அவசரமே இல்லை. கயிற்றைச் செங்குத்தாக வரும்வரை சுருட்டி, எல்லோரும் முன்பக்கம் கொஞ்சம் நகர்ந்து, தொய்வை இழுத்துக் கட்டிவிட்டுப் பின்னால் வந்து உட்காருங்கள். அணியம் எழும்ப எழும்பச் சேறு விட்டுக்கொடுக்கும், சில நிமிடம் காத்திரு. அலை பெரிதாக இருக்கையில் மட்டும் இப்படிக் குறுக்கிக் கட்டாதே. மூக்கு தண்ணீருக்குள் போய்விடும்.

பாறையில் மாட்டியிருந்தால் கயிற்றைத் தாராளமாக விட்டு, அணியத்தில் கட்டியபடியே, நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டமடித்து எதிர்ப்பக்கம் போய் மெதுவாக இழு. கயிறு படகின் பக்கவாட்டில் வராமல் ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், புரொப்பல்லர் பக்கம் போனால் இன்ஜினை நியூட்ரலில் போடு. அந்தக் கோணத்தில் வராவிட்டால் இன்னொரு கோணம். அதற்கும் வராவிட்டால் ஒரு முழச் சங்கிலியை வளையமாக்கி, தனிக்கயிறு கட்டி, நங்கூரக் கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்து அதன் வழியே கீழே விடு. வளையம் தண்டைத் தாண்டி இறங்கியதும் முதல் கயிற்றைத் தொய்யவிட்டு, எதிர்ப்பக்கம் போய் வளையக் கயிற்றை இழு. விறைத்த நைலானுக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கட்டை பிடுங்கினாலோ கயிறு அறுந்தாலோ சவுக்கு மாதிரி திரும்பி வரும். ஒன்றும் நடக்கவில்லையா, கயிற்று நுனியில் காலி கேனைக் கட்டி, ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறித்துவிட்டு வா. நீரோட்டம் நின்ற நேரமாகப் பார்த்துப் போய் எடுக்கலாம். அறுக்க வேண்டிய நிலை வந்தால் அறு, அதற்கு அணியத்தில் கத்தி இருக்க வேண்டும்.

பாறைக்குப் போகும் நாளில் முன்கூட்டியே ஒன்று செய். சங்கிலியைத் தண்டின் மேல்வளையத்தில் மாட்டாதே. நகங்கள் சேரும் அடிப்பக்கத்தில் ஷேக்கிள் (ஊசி போட்டு மூடும் இரும்பு வளையம்) போட்டு, தண்டு நெடுகக் கொண்டுவந்து, மேல்வளையத்தோடு ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டு. சாதாரண இழுவைக்கு டை தாங்கும். சிக்கிய பிறகு செங்குத்தாக இழுத்தால் டை அறும், நங்கூரம் தலைகீழாக வரும். ஆனால் படகில் ஆளில்லாத நேரத்துக்கும் ராத்தங்கலுக்கும் இது வேண்டாம். காற்று திசை மாறி டை அறுந்தால் கேட்க நாதியில்லை.

ஷேக்கிள் ஊசியைக் கம்பியால் முறுக்கிக் கட்டி, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. முறுக்கின கம்பி தெரிகிற மாதிரி எடு.

அப்பச்சி