பெட்டி வருவதற்கு முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயனாவரத்தில் இருபத்திரண்டு வருடமாக ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். பந்தல், நாற்காலி, டியூப் லைட் எல்லாம் உண்டு என்றாலும் தெருவில் எனக்குப் பெயர் ஐஸ் பெட்டிக்காரர்தான். நடுராத்திரி போன் அடித்தால் என் வீட்டில் யாரும் பதறுவதில்லை. முகவரி எழுதிக்கொள்ளப் பேனா தேடுவார்கள்.

சாவைப் பற்றி நம் மக்கள் பேசுவதே இல்லை என்கிறார்கள். நான் பார்த்த அளவில் அது சரியில்லை. செத்த பிறகு நன்றாகவே பேசுகிறோம். தலை எந்தப் பக்கம், கோடி யார் போடுவது, ஓட்டேரி சுடுகாடா வில்லிவாக்கமா, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் யார் யார் பெயர் என்று சண்டை வரும் அளவுக்குப் பேச்சு நடக்கும். பேச்சே வராதது அதற்கு முந்தைய பத்து இருபது நாட்களைப் பற்றித்தான். பெட்டிக்கு பிளக் பாயின்ட் தேடும்போது என் காதில் அதிகம் விழுவது, "எவ்வளவோ செலவு பண்ணிப் பார்த்தோம், அண்ணே" என்பது. போனவர் என்ன கேட்டார் என்று யாராவது சொல்லிக் கேட்டது குறைவு.

அடுத்தவர் வீட்டுக் கதை எதற்கு? என் வீட்டிலேயே நடந்தது.

அப்பா, பின்னி மில் மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். 2016இல் நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். நாலு தடவை மருந்து ஏற்றியும் கேட்கவில்லை. "இனிமே என்னை அங்க இட்டுனு போவாத, நான் இங்கயே கெடக்கறேன்" என்று இரண்டு முறை என்னிடம் சொன்னார். "சும்மா இருப்பா, எல்லாம் சரியாயிடும்" என்று நான் எழுந்து போய்விட்டேன். ஊரில் பாதிப் பேருடைய சாவுக்கு முன்னால் நின்றவன், பெற்ற தகப்பன் பேச வந்தபோது வாயை அடைத்தேன்.

ஒரு விடியற்காலையில் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஐ.சி.யூ. வாசலில் ஒரு தாளை நீட்டி, வென்டிலேட்டர் போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். துபாயிலிருந்து தம்பி போனில், "காசைப் பார்க்காதே, போடு" என்றான். போட்டேன். பதினோரு நாள். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்தால் விரலை மட்டும் அசைப்பார். வா என்கிறாரா, அவிழ்த்துவிடு என்கிறாரா, விளங்கவில்லை. அம்மாவின் வளையல் போனது. வட்டிக் கடன் மூன்று வருடம் ஓடியது. டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். அப்பாவின் பதில் என்னிடம் இருந்தது, நான் சொல்லவில்லை.

அவர் போன பிறகு, 2018 மார்ச் 9 அன்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. கண்ணியமாகச் சாவதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும், குணமாக வழியில்லாத நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அப்படி எழுதும் தாளை லிவிங் வில் என்கிறார்கள். அப்போது அதில் மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கிவிட்டார்கள். பதினெட்டு வயது ஆகி, தெளிந்த புத்தியோடு, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ, நாம் பச்சை மை கையெழுத்துக்குத் தேடிப் போகும் கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தன்னால் பேச முடியாமல் போனால் தன் சார்பில் யார் பேசுவது என்றும் அதில் எழுத வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். இதை வைத்துக்கொண்டு நாளைக்கே யாரும் குழாயைப் பிடுங்கிவிட முடியாது. மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பார்க்க வேண்டும், அதற்கு மேல் மூன்று பேர் கொண்ட இன்னொரு குழுவும் பார்க்க வேண்டும்.

சரி, அம்மாவிடம் எப்படிக் கேட்பது? அவருக்கு இப்போது எழுபத்தெட்டு. போன வைகாசியில் ஒரு நாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் நாலு மடல் உரித்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு ஆன மாதிரி உனக்கு ஆச்சுன்னா..." என்று இழுத்தேன். வாயைக் கழுவு என்பார் என்று நினைத்தேன். "இத்த கேக்க உனக்கு இவ்ளோ நாளாடா?" என்றார்.

அவர் எல்லாம் யோசித்து வைத்திருந்தார். உடம்பின் மேல் போர்த்த வேண்டிய புடவை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. காரியச் செலவுக்கு அரிசி டப்பாவில் பணம் இருக்கிறது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாதவற்றை அன்றுதான் சொன்னார். தொண்டையில் குழாய் வேண்டாம். கையைக் கட்டக் கூடாது. வலிக்கு மட்டும் ஊசியோ மாத்திரையோ எது வேண்டுமானாலும் கொடுக்கலாம். கட்டிலைத் தெருப்பக்க ஜன்னலோரம் போட வேண்டும். முழுங்க முடியாவிட்டாலும் காபி ரெண்டு சொட்டு நாக்கில் வைக்க வேண்டும், சர்க்கரை தூக்கலாக. இருபது வருடமாக சர்க்கரை நோய்க்காரர். அதையும் எழுதடா என்றார், எழுதினேன்.

தமிழில் ஒன்றரைப் பக்கம் வந்தது. முதலில் போன நோட்டரி, "இது கருணைக் கொலை சமாச்சாரம், நமக்கு எதுக்கு வம்பு" என்று திருப்பிக் கொடுத்தார். கொலையும் இல்லை, கருணையும் இல்லை, மனுஷி தனக்கு வேண்டாததை வேண்டாம் என்கிறாள், அவ்வளவுதான். இரண்டாமவர் தீர்ப்பைப் படித்திருந்தார். அம்மாவுக்கு முட்டி வலி என்றதும் மாடியிலிருந்து இறங்கி வந்து ஆட்டோவிலேயே கையெழுத்து வாங்கினார்.

உள்ளாட்சி அமைப்பின் அதிகாரியிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்க வேண்டும், அதைப் பாதுகாக்க அவர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "உயிலா? அதுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போங்க" என்றார்கள். அம்மாவின் பிரதி இப்போது டிரங்குப் பெட்டியில், அந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது. இன்னொன்று, அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் கைவிட்டுவிடுவது என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை, தருவதும் உண்டு. தாங்க முடியாத வலிக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையும் இருக்கிறது. அப்பாவுக்கு இதைக் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரால் பேச முடியாதது என்று ஒன்றும் இல்லை. 2008இல் ஹிதேந்திரன் என்ற பையனின் இதயத்தைப் பெற்றோர் தானம் கொடுத்த பிறகு மூளைச்சாவு என்ற வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்தது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை கொடுக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் அதிகாரி வந்து மாலை வைத்தபோது என் பெட்டிக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றிருக்கிறேன். அந்தத் தெருவில் அன்று நாலு பேர் தானத்துக்கு எழுதிக் கொடுப்பது எப்படி என்று விசாரித்தார்கள்.

என் வேண்டுகோள் இரண்டு. சென்னையின் 200 வார்டுகளில் இருப்பவர்களும் லிவிங் வில் பிரதியை எங்கே, யாரிடம் கொடுப்பது என்று மாநகராட்சி விளம்பரப்படுத்த வேண்டும். எழுதவேண்டிய படிவத்தை நல்ல தமிழில் ஒரு பக்கத்துக்கு நீங்கள் அச்சடித்துத் தாருங்கள். நூறு நகல் எடுத்துக் கடையில் வைத்துக்கொள்கிறேன். பெட்டியோடு அனுப்ப மாட்டேன், அடிக்க வருவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாக்கிப் பணம் கொடுக்கக் கடைக்கு வருவார்கள் இல்லையா, அப்போது ரசீதோடு சேர்த்துக் கொடுப்பேன்.

பெயர் போட வேண்டாம். தம்பி படித்தால் வருத்தப்படுவான்.

இப்படிக்கு,
ஃப்ரீசர் பெட்டிக் கடைக்காரர்,
அயனாவரம், சென்னை - 23