தடுமாற்றத்துக்கு வயது மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரின் மறதி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் மாத்திரைகளாலும் புத்தி தடுமாறும் என்பது அதில் விடுபட்டிருக்கிறது. மருந்தாளுநராக இருக்கும் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

சளிக்குக் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்சிபியூட்டினின். எழுதித் தருபவர்கள் வேறு வேறு டாக்டர்கள், சில கேட்டதுமே கடையில் கிடைப்பவை. உடம்புக்குள் போனால் எல்லாமே அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. இவற்றை ஆன்டிகோலினெர்ஜிக் என்பார்கள். ஒவ்வொன்றும் சின்ன அளவுதானே என்று விட்டுவிடுகிறோம். மொத்தம் எவ்வளவு சேர்கிறது என்று கூட்டிப் பார்க்க ஆளில்லை.

முதலில் வாய் வறளும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் கேட்பார்கள். மலச்சிக்கல் வரும், எழுத்து மங்கும். புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிடலாம். குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண்நோய் உள்ளவர்களுக்குக் கண்ணழுத்தம் திடீரென ஏறலாம். வியர்வை குறைவதால் வெயில் காலத்தில் உடம்பு சூடு தணியாது. அப்புறம்தான் குழப்பம்: இல்லாத ஆளோடு பேசுவார்கள், பகலா இரவா என்று தெரியாது. வீட்டில் உள்ளவர்கள் 'வயசாயிடுச்சு' என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. மறதிக்குத் தரும் டோனெபெசில் அசிட்டைல்கோலினைக் கூட்டும். அதனால் சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அதை நிறுத்த ஆக்சிபியூட்டினின் சேர்ப்பார்கள். முதல் மருந்து செய்ததை இரண்டாவது கெடுத்துவிடும்.

முதியோருக்கு எச்சரிக்கையோடு தரவேண்டிய மருந்துகளைத் தொகுத்த பீர்ஸ் பட்டியல் 1991-இலேயே வந்துவிட்டது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-இல் அதைப் புதுப்பித்தபோதும் குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகளை 65 வயதுக்கு மேல் தவிர்க்கவே சொல்கிறது. ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் டிமென்ஷியா என்ற மறதி நோய் கூடுதலாகக் காணப்படுவதாகவும் ஆய்வுகள் உள்ளன. மருந்துதான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை, உண்மைதான். அதற்காக அலட்சியப்படுத்தலாமா?

இவை வேண்டாத மருந்துகள் அல்ல. பூச்சிமருந்து விஷத்தில் உயிரை மீட்கும் அட்ரோபினும் இதே வகைதான். ஆகவே பயந்துபோய் எதையும் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது; கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் போன்றவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இருமல் சிரப், தூக்க மாத்திரை உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய், "இதில் எதெல்லாம் ஆன்டிகோலினெர்ஜிக்? எதைக் குறைக்கலாம்? பதிலுக்கு வேறு இருக்கிறதா?" என்று கேளுங்கள். முதியோர் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுமாறு உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்