மூத்த குடிமக்கள் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல நடந்தன. ஆடிப்பெருக்கன்று பவானி கூடுதுறைக்கு வேன் வைத்துச் சென்று வந்தோம். கண் பரிசோதனை முகாமும் ஓய்வூதியர்களுக்கான வாழ்நாள் சான்று முகாமும் நல்லபடியாக முடிந்தன. இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது.

இனி சனிக்கிழமை அமர்வு. இதைப் பற்றிச் செயற்குழுவிலும் வெளியிலும் பலவாறு பேசப்பட்டதால் விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2024 செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாள், சனிக்கிழமையில் வந்தது. அன்று தொடங்கி வாரந்தோறும் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, மறதி நோய் கண்ட பெரியவர்களை நமது கட்டடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். அந்த நான்கு மணி நேரம், அவர்களை இரவும் பகலும் கவனிக்கும் மனைவிக்கோ மருமகளுக்கோ கிடைக்கிற ஓய்வு. ஒரு மருமகள் முதல் வாரம் என்ன செய்தார் என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதாகச் சொன்னார்.

“பைத்தியங்களைக் கூட்டிவந்து உட்காரவைக்கிறார்” என்று நம் உறுப்பினர் ஒருவரே வெளியில் சொன்னதாக அறிந்தேன். மனம் மிகவும் நொந்தது. இது பைத்தியம் அல்ல. வயதானால் எல்லோருக்கும் வருவதும் அல்ல. மூளையைப் பிடிக்கிற நோய். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர், தாம் கவனித்துவந்த ஒரு பெண் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே இழைச் சிக்கல்களும் இருப்பதைக் காட்டினார். அந்தப் பெண் மருத்துவமனையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 51தான். டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோய் பல காரணங்களால் வருகிறது. அது கண்டவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இருப்பது, அந்த மருத்துவர் பெயரால் வழங்கும் அல்சைமர். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அப்படியிருக்க, நம் ஊரில் மட்டும் இல்லாமலா இருக்கும்? இருக்கிறது, கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்துச் சாளைகள், அதாவது தோட்ட வீடுகள், ஒன்றுக்கொன்று எட்ட எட்ட இருக்கின்றன. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், பேரன் வெளிநாட்டில். பெரியவர் பொழுது சாய்ந்ததும் “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பார்க்க ஆள் இல்லை. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒரு பக்கம், கீழ்பவானி வாய்க்கால் ஒரு பக்கம். மாலையில் மனக்குழப்பம் கூடுவது இந்த நோயின் இயல்பு. “இதுதானே உங்கள் வீடு” என்று வாதாடினால் கோபம்தான் வரும். கூடவே கொஞ்ச தூரம் நடந்து, வேறு பேச்சுப் பேசித் திருப்பி அழைத்து வரலாம். சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்க வேண்டும்.

“என் வளையலை மருமகள் எடுத்துக்கொண்டாள்” என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி, உறவே முறிந்துபோன குடும்பத்தை நான் அறிவேன். வைத்த இடம் மறந்துபோன நிலையில் நோய் அப்படிப் பேச வைக்கிறது. சேர்ந்து தேடிக்கொடுப்பதே வழி. இதை முன்பே யாராவது அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருந்தால்!

மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் குழம்பினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அல்சைமரை முற்றாகக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் உதவுகின்றன. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம் இவற்றை நடுவயதிலேயே கவனித்தால் நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. காதுக் கருவி போட வெட்கப்படும் நம் உறுப்பினர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் காலமெல்லாம் தரம் பார்த்த பெரியவர் ஒருவர் அமர்வுக்கு வருகிறார். பெற்ற மகனையே ஊர் பேர் விசாரிக்கிறார். ஒரு நாள் முறத்தில் விரல்போல நீண்ட விரலி மஞ்சளையும் உருண்டையான கிழங்கு மஞ்சளையும் கலந்து அவர் முன் வைத்தோம். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று கை மளமளவென்று பிரித்தது. ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்தார், பூச்சி அரித்ததைத் தனியே தள்ளினார். “அப்புச்சி, இது என்ன விலைக்குப் போகும்?” என்று பேத்தி கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்து, மழையில் நனைந்த சரக்கு என்று குறை சொன்னார். கைக்குப் பழகிய தொழில் நினைவு, நேற்று நடந்ததன் நினைவைவிட நெடுநாள் தாங்கும். இதைப் பார்த்த பிறகும் இந்த அமர்வு வீண் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்?

தொடக்க நாளில் முறை வைத்து உதவுவதாகப் பலர் கையெழுத்திட்டார்கள். தை பிறந்ததும் கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம் என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இன்று இரு பெண் உறுப்பினர்களும், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும், நானுமே மீதி. சந்தா நிலையும் அப்படியே. ஆண்டுக்கு 300 ரூபாய்; உறுப்பினர்களில் பாதிக்கு மேல் நிலுவை, சிலருக்கு மூன்றாண்டு நிலுவை. சுற்றுலாப் பணத்தை இந்த அமர்வுக்குத் திருப்பிவிட்டதாக வந்த புகார் உண்மையல்ல. மதிய உணவும் கழிப்பறைக் கைப்பிடிக் கம்பிகளும் நன்கொடையில் நடந்தன.

வரவு செலவைப் பொருளாளர் எழுதித் தணிக்கையும் முடிந்துள்ளது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்க்கலாம். தலைவர், செயற்குழுவினர், இடம் கொடுத்துதவிய ஊராட்சி, பந்தல் அமைத்தவர், ஒலிபெருக்கி தந்தவர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யார் வந்தாலும் சனிக்கிழமை அமர்வை நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமைக்கு நான்கு பேர் தேவை, மாதம் ஒரு முறை வந்தாலே போதும். வர இயலாதவர்கள் ஒரு நாள் மதிய உணவுக்கு ஏற்பாடு செய்யலாம். உதவி தேவைப்படும் குடும்பங்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். முறைப் பட்டியலும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலருகே மேசையில் உள்ளன. பொருளாளர் மதிய உணவு முடியும்வரை அங்கே இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்