ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர் சங்கம்: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பெருமதிப்புக்குரிய குருவானவர் ஐயா அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அன்பான வணக்கம்.

2024 இல் 52 ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அவற்றில் 45 இல் எங்கள் பாடசாலை நடந்தது. நடக்காத ஏழு நாட்களுக்கும் காரணம் உண்டு, அதைக் குறித்து வைத்திருக்கிறேன். செப்ரெம்பர் 15 தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் ஆசிரியர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள்தான், பரீட்சைக் கடமைக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு 22 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள், மத்தியானம் வரை ஊரடங்கு. டிசெம்பர் 1 வெள்ளம். மற்றவை உயிர்ப்பு ஞாயிறு, சித்திரை விடுமுறை, சுற்றுலா, வருடக் கடைசி. “அடிக்கடி லீவு விடுகிறார்கள்” என்று ஒரு கதை உலாவியபடியால்தான் இவ்வளவையும் எழுத வேண்டி வந்தது.

பதிவேட்டில் 41 பிள்ளைகள். ஒழுங்காக வருவது 26 அல்லது 27.

குருத்தோலை ஞாயிறு பவனியில் பிள்ளைகள் பாடினார்கள். ஓகஸ்ட் விடுமுறையில் ஐந்து நாள் விடுமுறை வேதாகமப் பாடசாலை நடந்தது. கசூரினா கடற்கரைக்கு ஒரு நாள் போய்வந்தோம். நத்தார் ஒளிவிழாவும் பரிசளிப்பும் வழமைபோல் நிறைவாக நடந்தன.

ஏப்ரல் 21 பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். வகுப்பு முடிந்து வெளியில் வந்த பிள்ளைகள். ஐந்து வருடம் கழித்து அதே திகதி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அன்று பாடம் எடுக்கவில்லை, மேற்பிரிவுப் பிள்ளைகள் மெழுகுதிரி ஏற்றினார்கள், சின்னவர்களுக்கு எவ்வளவு சொல்வது என்று எங்களுக்குள்ளேயே ஒரு முடிவு வராமல் கடைசியில் ஜெபம் செய்து அனுப்பினோம். அடுத்த வருடம் முதலே பேசி முடிவெடுத்துவிட வேண்டும்.

இனி இந்த வருடம் நாங்கள் செய்த மாற்றத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பலர் என்னிடம் நேரிலும், சிலர் எனக்குப் பின்னாலும் கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறேன்.

முன்பு எங்கள் முறை இப்படி இருந்தது. பாடப் புத்தகத்தில் ஞாயிற்றுக்கு ஒரு பாடம், கதையை ஆசிரியர் வாசிப்பார், போட்டோப்பிரதி எடுத்த படத்துக்குப் பிள்ளை நிறம் தீட்டும், மனன வசனம் சொல்லும், வீட்டுக்குப் போகும். 2023 கடைசியில் மத்திய பிரிவில், இராட்சத வீரன் கோலியாத்தோடு மோதிய தாவீதைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் “தைரியம்” என்றார்கள். சரி, தாவீது ஏன் அந்தப் போர்க்களத்துக்குப் போனான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தமையன்மாருக்கு வறுத்த பயறும் அப்பமும் கொண்டுபோகத் தகப்பன் அனுப்பினார், போன இடத்தில் மூத்த தமையன் “ஆடுகளை ஆரிட்ட விட்டிட்டு வந்தனீ?” என்ற மாதிரி ஏசினான், இது ஒன்றுமே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் கடைக்குட்டியாக இருந்து பேச்சு வாங்கும் பிள்ளைக்கு இதை விட நெருக்கமான இடம் அந்தக் கதையில் உண்டா? அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

அதனால் ஜனவரிக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்தேன். ஒரு கதைக்கு நாலு ஞாயிறு. முதல் வாரம் ஆசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதையை வாயால் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் அந்தக் கதையில் வரும் பொருளை, அளவை, இடத்தைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் வாரம் பிள்ளைகளே கதையைத் திருப்பிச் சொல்வார்கள். நாலாம் வாரம் கேள்விகள், அதுவும் அவர்கள் எங்களிடம் கேட்பது. இப்படிப் போனால் வருடத்துக்குப் பதினொரு கதைதான் முடியும். பதினொன்றுதான் முடிந்தது. “பாடத்திட்டம் முடிக்கவில்லை” என்பவர்களுக்கு என் பதில், அந்தப் பதினொன்றையும் எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வார்கள், கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பெருவெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டிய பேழையை, அந்தப் பெரிய மரக்கப்பலை எடுங்கள். நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. வாசித்தால் அது வெறும் இலக்கம். நாங்கள் கயிறு எடுத்தோம். முழம் என்றால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, பூக்கடையில் மாலை அளப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிற்று. விளங்கினதும் சண்டையும் தொடங்கிற்று, யாருடைய கையால் அளப்பது? மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையால் அளந்தபோது 300 முழம் கிட்டத்தட்ட 350 அடி. பெரிய ஆளின் கையால் 450 அடி. எங்கள் ஆலய வளவு அதற்குக் காணாது. கயிறு வாசல் தாண்டி ஒழுங்கையில் இறங்கி மூன்றாம் வீட்டு மதில் வரை போனது. அங்கே நின்று திரும்பிப் பார்த்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உயரம் 45 அடி என்றதும் வளவிலுள்ள பனையை அண்ணாந்து பார்த்து, “அந்தப் பனையளவுக்கு மரத்தில வீடோ?” என்று ஒருவன் கேட்டான். ஒழுங்கையில் கயிறு பிடித்தது விளையாட்டு என்று ஒருவர் முறைப்பாடு செய்தார். அது விளையாட்டு அல்ல. ஒரு மனுசனும் அவனுடைய மூன்று பிள்ளைகளும் எத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தார்கள்.

கோலியாத்தின் உயரத்துக்கும் அப்படித்தான். ஆறு முழமும் ஒரு சாணும், ஒன்பதே முக்கால் அடி. மண்டபச் சுவரில் வெண்கட்டியால் கோடு போட்டோம். மிகப் பழைய சில பிரதிகளில் நாலு முழமும் ஒரு சாணும் என்றுதான் இருக்கிறது என்று குருவானவர் ஐயா சொன்னபடியால் ஆறே முக்கால் அடியில் இன்னொரு கோடும் போட்டோம். மேற்பிரிவுப் பையன்கள் எந்தக் கோடு சரி என்று இரண்டு வாரம் வாதாடினார்கள், வேதாகமப் பிரதிகள் எப்படிக் கையால் எழுதிக் காக்கப்பட்டன என்ற பாடம் கேட்காமலேயே வந்து சேர்ந்தது. புதிதாகப் பூச்சுப் பூசிய சுவரைப் பழுதாக்கியதாக நிர்வாகக் குழுவில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். ஈரத்துணியால் நானே துடைத்துவிட்டேன். இப்போது அங்கே அடையாளம் இல்லை.

தாவீது ஆற்றில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களுக்குப் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, வழுக்கியாறும் மாரிக்குத்தான். நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கையில் எடுத்தால் முள்ளுமுள்ளாகக் குத்தும். ஆற்றுத் தண்ணீரில் உருண்டு வழுவழுப்பான கல்லை எங்கள் பிள்ளைகளில் அநேகர் கண்டதே இல்லை. பாலர் வகுப்பு ரீச்சர் பேராதனைக்குப் போனபோது மகாவலிக் கரையிலிருந்து ஒரு பை கொண்டுவந்தார். அவருக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இயேசு கிணற்றடியில் தண்ணீர் கேட்ட சமாரியப் பெண்ணின் கதையை ஆலயக் கிணற்றடியில் வைத்துச் சொன்னோம். யோவான் நாலாம் அதிகாரம். ஆறாம் மணி வேளை என்றால் அவர்கள் கணக்கில் நடு மத்தியானம். அந்த வெயிலில் யார் தண்ணீருக்கு வருவார்கள், எல்லோரும் காலையிலும் பின்னேரமும்தானே அள்ளுவார்கள், அப்படியென்றால் அவள் ஏன் தனியாக வந்தாள் என்று நாங்கள் கேட்க முன்பே ஒரு பிள்ளை கேட்டது. அடுத்த கேள்வி, “யூதரும் சமாரியரும் ஏன் ரீச்சர் ஒரே பாத்திரத்தில தண்ணி குடிக்க மாட்டினம்?” எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் பக்கத்தில் வாங்கில் இருந்தார். அவர் எழும்பி வந்து, தான் சின்னப் பெடியனாக இருந்தபோது ஒரு கிணற்றடியில் வாளியைத் தொடாமல், யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்து நின்றதைச் சொன்னார். எங்கள் ஊரில்தான், எங்கள் சனம்தான். அவர் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

“பழசைக் கிளற வேண்டாம்” என்று ஒரு பெற்றார் பிறகு வந்து சொன்னார். நான் அவரோடு மரியாதையாகத்தான் கதைத்தேன். ஆனால் என் நிலைப்பாடு மாறவில்லை. அந்தக் கிணற்றடியில் கர்த்தர் ஏன் தண்ணீர் கேட்டார் என்பதை விளங்கப்படுத்தாமல் அந்தக் கதையைச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. இந்தச் சபை வேறு மாதிரி நினைத்தால் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய மழை அது. எங்கள் பிள்ளைகளில் நாலு பேரின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, ஒரு குடும்பம் பள்ளிக்கூடத்தில் தங்கியது. டிசெம்பர் 8 ஆம் திகதி மண்டபத்தில் ஈரம் காயாததால் குருமனை விறாந்தையில் கூடினோம். அந்தக் குடும்பத்துப் பையன் வந்து, பேழைக் கதையில் ஒரு சந்தேகம் என்றான். “கதவை ஆர் ரீச்சர் பூட்டினது? வெளியில நிண்ட ஆக்கள் தட்டியிருப்பினமே?” கர்த்தர் கதவை அடைத்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. தட்டினார்களா என்பதை எழுதவில்லை. எனக்குத் தெரியாது, ஆனால் நீ கேட்டது நல்ல கேள்வி, நானும் அதை யோசிக்கிறேன் என்றேன். ஜூலையில் சொன்ன கதை டிசெம்பர் வரை அவன் மனதில் இருந்திருக்கிறது. நான் கேட்ட நாலு ஞாயிறு அதற்காகத்தான்.

இப்போது வருத்தமான பகுதி.

சங்கத்தில் 19 அங்கத்தவர்கள். ஞாயிறு காலை ஏழரைக்கு வந்து நிற்பவர்கள் ஆறு பேர், சில நாள் நாலு பேர். கதையை மனதில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றால் சனிக்கிழமை இரவு ஒரு மணித்தியாலம் வாசிக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலம் கஷ்டம் என்று எனக்கும் தெரியும், நானும் வேலைக்குப் போகிற ஆள்தான். ஆனால் வர ஏலாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். ஏழு இருபத்தைந்துக்கு வாட்ஸ்அப்பில் “இண்டைக்கு வரேலாது” என்று போட்டால் பாலர் பிள்ளைகளை நான் யாரிடம் விடுவது? ஒக்ரோபரில் ஒரு நாள் மூன்று வகுப்பை ஒன்றாக வைத்து ஒரே ஆள் பார்த்தார். கூட்டங்களும் அப்படித்தான், வருடத்தில் அழைத்த ஆறு கூட்டங்களில் இரண்டில் கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள் இல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினோம்.

சந்தா மாதம் 100 ரூபா. முழு வருடத்துக்கும் கட்டியவர்கள் ஏழு பேர். பெயர்களை வாசிக்கப்போவதில்லை, பொருளாளரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் அவர் பின்வரிசை வாங்கில் இருப்பார்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாக வந்தன, கையில் ஒரு சிறு தொகை மிச்சம். கூடிய செலவு ஒளிவிழாவுக்கும் சுற்றுலா பஸ்ஸுக்கும். கயிறு, வெண்கட்டி, கடுகு, அகல் விளக்கு என்று புதிய முறைக்குப் போன காசு மிகச் சொற்பம், அதில் பாதியைச் சங்கத்திடம் கேட்கவும் இல்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய உதவி இல்லாவிட்டால் பரிசளிப்பு நடந்திராது.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். 1780 இல் இங்கிலாந்தின் குளொஸ்ரரில் ரொபேட் ரைக்ஸ் ஓய்வுநாட் பாடசாலையைத் தொடங்கியது, வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சமிருந்தபடியால். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஏழாம் நாளும் ரியூசன். தரம் 5 பிள்ளை, சாதாரணதரப் பிள்ளை என்றால் எனக்கும் விளங்குகிறது. தரம் 3 பிள்ளைக்கு ஞாயிறு காலை ஏழு மணிக்கு வகுப்பு எதற்கு? ஒரு மணித்தியாலம்தான் கேட்கிறோம். எட்டரைக்கு விட்டுவிடுகிறோம்.

குருவானவர் ஐயாவுக்கும், குருமனை விறாந்தையைத் தந்த ஐயாவின் குடும்பத்துக்கும், தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினருக்கும், மண்டபம் கூட்டித் தந்த அக்காவுக்கும், ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளுக்குப் பால்தேத்தண்ணியும் பணிசும் தந்த தாய்மாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டு ஆசிரியர்கள் எங்களோடு இருக்கமாட்டார்கள். ஒருவர் திருமணமாகிக் கனடா போகிறார், மற்றவருக்கு மன்னாருக்கு இடமாற்றம். இருவரும் ஏழரைக்கு முன் வருகிற ஆட்கள். மத்திய பிரிவுக்கு இப்போது ஒருவரும் இல்லை. செயலாளர் பதவிக்கு என் பெயரைத் திரும்பப் பிரேரிப்பதாக இருந்தால் பிரேரியுங்கள், நான் மறுக்கவில்லை, ஆனால் அதற்கு முன் அந்த வகுப்புக்கு ஒருவர் கையை உயர்த்த வேண்டும். பயிற்சி தேவையில்லை, நான் கூட இருப்பேன். யோசேப்பின் கதையை எடுக்கப்போகிறோம், தமையன்மார் அவனை இறக்கிய தண்ணீரில்லாத குழியிலிருந்து தொடங்கலாம். வகுப்பில் பிள்ளைகள் பதினொரு பேர். பல நிற அங்கிக்குப் பழைய சேலைத் துண்டுகள் சேர்த்து வைத்திருக்கிறேன், பை மண்டப அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

செயலாளர்
ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர் சங்கம்